வார்டு முதலில், ஆராய்ச்சி அப்புறம்

கடலூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கும் மகள், பார்க்கின்சன், அல்சைமர் நோய்களுக்கான ஆராய்ச்சியில் நர்ஸாகப் போகிறேன் என்கிறாள்; "ஊசி போடாத நர்ஸ் வேலைக்கா இவ்வளவு செலவு செய்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊசியும் உண்டு, கவலை வேண்டாம். ஆனால் கெட்டிக்காரத்தனம் தெரிவது பேச்சில்தான். புதுமருந்து ஆய்வுக்கு வரும் பெரியவர், "டாக்டர் சொன்னா சரிம்மா, கையெழுத்து எங்கே போடணும்?" என்பார். உடனே பேனாவை நீட்டக் கூடாது. கிடைப்பது மருந்தே இல்லாத மாத்திரையாகவும் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது என்று அவருக்குப் புரியும்வரை தமிழில் சொல்ல வேண்டும்.

அடுத்தது நினைவாற்றல் சோதனை. "இன்று என்ன கிழமை?" என்றால், பின்னால் நிற்கும் மகன் "வெள்ளிப்பா" என்று எடுத்துக்கொடுப்பார். அவர் மனம் நோகாமல் தடுத்து, நோயாளி சொன்னதற்கு மட்டும் மார்க் போட வேண்டும். பாவம் பார்த்து ஒன்று கூட்டினால், மருந்து வேலை செய்ததா என்ற கணக்கே கெட்டுவிடும். பார்க்கின்சன் என்றால் கடைசி லெவோடோபா மாத்திரை எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்க வேண்டும். விடியற்காலையில் மாத்திரை போட்டுக் கடலூரில் பஸ் ஏறியவருக்கு, புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்கு வந்து வரிசையில் உட்காரும்போது அதன் பலம் இறங்கியிருக்கும். அந்த நேரத்தைக் குறிக்காமல் அவரை நடக்கவைத்துப் பார்ப்பது வீண்.

சரி, வேலை நிரந்தரமா? பெரும்பாலும் இல்லை. திட்டம் ஓடும்வரை ஒப்பந்தம், தொகுப்பூதியம். அறிவிப்பிலும் 'ஸ்டடி நர்ஸ்', 'புராஜெக்ட் நர்ஸ்', 'கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர்' என்று பல பெயர்களில் வரும். கோஆர்டினேட்டர் வேலைக்கு பார்மசி படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள்.

அதனால் மகள் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு, இரண்டு வருடமாவது நரம்பியல் வார்டில் நிற்கட்டும். விழுங்கத் திணறுபவருக்குச் சோறு ஊட்டிப் பார்க்காதவருக்குப் பக்கவிளைவுப் படிவம் வெறும் கட்டங்கள்தான். கூடவே மருத்துவ ஆய்வு நெறிமுறையான ஜி.சி.பி. பயிற்சியை முடித்து, 2019 புதுமருந்து, மருத்துவப் பரிசோதனை விதிகளையும் படிக்கட்டும். தமிழக அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி., எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வுகளை மட்டும் விடவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன்.

இன்னொன்று, இந்த நோய்கள் முழுக்கக் குணமாவதில்லை. பழகிய முகத்தின் மார்க் வருகைக்கு வருகை குறைவதை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாருக்கும் அது ஒத்துவராது; பிடிக்காமல் வார்டுக்கே திரும்பினாலும் குற்றமில்லை.

ஜிப்மர் பக்கத்திலேயே இருப்பது உங்களுக்கு வசதி. புராஜெக்ட் பணியிட அறிவிப்புகள் அதன் இணையதளத்தில் வரும். நேர்காணலுக்குப் போனால், திட்டம் எத்தனை மாதம், நீட்டிப்பு உண்டா, அனுபவச் சான்றிதழில் என்ன பதவி எழுதுவார்கள் என்று அவளே கேட்கட்டும்.