நாடு வளருதாம், என் கடையில் ஏன் வேலை இல்லை?

கேள்வி: சுன்னாகத்தில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். பொருளாதார மந்தநிலை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். எனக்கோ உழைப்பு பாதியாகிவிட்டது. எனக்குச் சிக்கனம் தெரியாது என்கிறார் கணவர். நகையை அடகு வைத்து இன்னொரு மெசின் வாங்கலாமா?

பதில்: அன்புத் தங்கச்சி, குறை உங்கள் சிக்கனத்தில் இல்லை. உங்கள் கணவரும் இதை வாசிக்க வேண்டும்.

நாட்டின் உற்பத்தியும் வியாபாரமும் தொடர்ந்து சுருங்குவதுதான் மந்தநிலை. அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் மந்தநிலை என்பது பொதுவான கணக்கு. இலங்கைப் பொருளாதாரம் 2022இல் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது, 2023இல் இன்னும் 2 வீதத்துக்கு மேல். 2024இல் 5 வீதமளவு வளர்ந்தது. சரி, 2021இல் அது 100 ரூபாய் என்று வையுங்கள். 91 வரை இறங்கி, 2024 முடிவில் 95க்குத்தான் ஏறியது. வளர்ச்சி என்ற செய்தி பொய் இல்லை, அப்போதும் விட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

விலையும் அப்படித்தான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டி, பிறகு குறைந்தது. குறைந்தது விலை ஏறும் வேகம்தான். ஏறின விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. சம்பளம் அந்த அளவுக்கு ஏறாத வீட்டில் அரிசியையும் மாவையும் பிள்ளையின் ரியூசன் காசையும் நிறுத்த முடியாது, புதுச்சட்டையைத்தான் நிறுத்துவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று சட்டை தைத்த வீடு, பழைய பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தரச் சொல்லும். வேலை குறைய, உதவிக்கு வரும் பிள்ளையை நீங்கள் நிறுத்துவீர்கள். அவள் பலசரக்குக் கடையில் வாங்குவதைக் குறைப்பாள். அந்தக் கடைக்காரர் தன் மகளின் சட்டையைத் தள்ளிப்போடுவார். மந்தநிலை இப்படித்தான் வீடு வீடாக நடக்கிறது, எவரும் பிழை செய்யாமலே.

மெசின் இப்போது வேண்டாம். இருக்கிற மெசினே சும்மா நிற்கும்போது அடகு வட்டி மட்டும் சும்மா நிற்காது. வாராவாரம் கட்டும் நுண்கடன் பக்கமும் போகாதீர்கள். எங்கள் வடக்கில் அதில் அகப்பட்டு எத்தனை பெண்கள் நொந்துபோனார்கள்!

இப்போது வருவது திருத்த வேலை என்றால் அதற்கே சரியான விலை வையுங்கள். தெரிந்த சனம்தானே என்று சும்மா செய்து கொடுக்காமல், விலையை எளிதாகத் தெரியும்படி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புதுத்தையலுக்குப் பாதிக் காசை முன்பணமாகக் கேளுங்கள். கடைக் காசையும் வீட்டுக் காசையும் வேறு வேறு கொப்பியில் எழுதி, மாத முடிவில் அவரையும் பக்கத்தில் இருத்திக் கூட்டிப் பாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து, இருக்கிற மெசினில் தைத்து முடிக்க முடியாத அளவுக்கு வேலை குவிந்தால், அப்புறம் மெசினைப் பற்றிப் பேசுவோம்.