மகளுக்குப் படம் வரையத் தெரியாதா, ஆர்க்கிடெக்ட் ஆகட்டும்

அண்ணே, பாம்பனிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பிளஸ் 2 படிக்கும் மகள், கட்டிடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உங்களுக்கோ இரண்டு கவலை. அவளுக்கு வரையவே வராது. அப்புறம், நம் ஊரில் இன்ஜினியரே பிளான் போட்டுக் கொடுத்துவிடுகிறார், ஆர்க்கிடெக்டை யார் தேடுவார்கள்?

நீங்கள் பட்டாளத்தில் காலில் குண்டடிபட்டு வந்தவர். அதனால் இன்னொரு பட்டாளத்துக்காரரைச் சொல்கிறேன். வால்டர் குரோப்பியஸ், 1883-ல் பெர்லினில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் சேர்ந்து மேற்குப் போர்முனையில் காயம்பட்டு, பிழைத்ததே மறுபிறவி. இரும்புச் சிலுவைப் பதக்கம் இரண்டு முறை வாங்கினார். போர் முடிந்த மறுவருடமே, 1919-ல், வைமர் நகரில் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். கட்டிடக்கலை படிக்கும் எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

அந்த மனிதருக்கு வரைய வராது! மாணவராக இருந்தபோதே, சாதாரண விஷயத்தைக்கூடக் காகிதத்தில் கொண்டுவர முடியவில்லை என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருக்கிறார். காலம் முழுக்க வரைவதற்கு ஆள் வைத்துக்கொண்டார். யோசிப்பதும், நாலு பேரைச் சேர்த்து வேலை வாங்குவதும்தான் அவர் பலம்.

ஆனால் அவர் கதையை அப்படியே நம் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. அவருடைய அப்பா அரசாங்கத்தில் கட்டிட அதிகாரி. குடும்பத்திலேயே மார்ட்டின் குரோப்பியஸ் என்ற பேர்பெற்ற ஆர்க்கிடெக்ட் இருந்தார். படிப்பைப் பாதியில் விட்டும் வால்டர் தப்பித்தார். உங்கள் மகள் பி.ஆர்க் சேர நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். அதில் 200 மதிப்பெண்ணுக்கு 80 வரைதலுக்கு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் 2-க்கு 200, நாட்டாவுக்கு 200, ஆக 400-க்குத்தான் தரவரிசை. எனவே தினமும் ஒரு மணி நேரம் பென்சில் பிடிக்கட்டும். ரவிவர்மா ஆக வேண்டியதில்லை. மனதில் இருப்பது அடுத்தவருக்குப் புரிந்தால் போதும்.

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன், பக்கத்து ஊரான மண்டபத்தில் படகு கட்டும் ஆசாரியிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவையுங்கள். மரம் எங்கே வளைகிறது, ஏன் வளைக்கிறார் என்று பார்த்து வரையட்டும். பௌஹவுஸ் பட்டறைகளிலும் ஒரு கலைஞரும் ஒரு கைத்தொழில்காரரும் சேர்ந்தே பாடம் நடத்தினார்கள்.

வேலை விஷயத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. படிப்பு 5 வருடம், ஆரம்பச் சம்பளம் குறைவு. ஆனால் நம் கரையோரத்தைப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி, கூரை காரை பெயர்ந்து விழாத வீடு எத்தனை? 1964 புயலில் மிஞ்சிய தனுஷ்கோடி தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களை நீங்களே காட்டியிருப்பீர்கள். கடலோரத்தில் எதை, எப்படிக் கட்டுவது என்று தெரிந்தவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்த பிறகு, பொதுக் கட்டிடங்களில் சரிவுப் பாதையும் கைப்பிடியும் இல்லாமல் தட்டிக்கழிக்க முடியாது.

கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குச் சிறப்பு ஒதுக்கீடு உண்டு. ராமநாதபுரத்தில் உள்ள நல அலுவலகத்தில் இப்போதே கேட்டுச் சான்றிதழைத் தயார் செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சக்கர நாற்காலிக்காக வாசலில் சரிவு போட வந்த கொத்தனார் 6 அடியில் முடிக்கப் பார்த்தாராம். மகள் டேப் பிடித்து அளந்து, படி ஒன்றரை அடி உயரம், 18 அடி நீளம் வேண்டும் என்று சண்டை போட்டாளாம். நீங்கள் வாயாடி என்று திட்டினீர்களாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அவள் கணக்கு சரிதான் அண்ணே. அந்தச் சரிவை அவள் கையாலேயே வரைந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோடு கோணினாலும் பரவாயில்லை.