அண்ணாச்சியின் சிலேட்டு

கேள்வி: சென்னையில் ஓவியம் படிக்கும் என் மகள், ராபர்ட் ரவுஷன்பர்க் என்ற அமெரிக்கரின் படைப்பு என்று ஒரு படத்தைக் காட்டினாள். இன்னொருவர் வரைந்த சித்திரத்தை ரப்பரால் அழித்துவிட்டு, வெறும் காகிதத்துக்குத் தங்க முலாம் சட்டம் போட்டிருக்கிறார். எங்கள் தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சி தினமும் சிலேட்டில் பற்றுக் கணக்கை அழிக்கிறார். அவரும் கலைஞர்தானா?
(பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்)

பதில்: அண்ணாச்சி அழிப்பது தீர்ந்த கணக்கை. தீராத கணக்கை ஒருநாள் அழித்துப் பார்க்கட்டும், தெருவே கடை வாசலில் கூடிவிடும். 1953இல் நியூயார்க்கில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

ரவுஷன்பர்க் முதலில் தன் சித்திரங்களைத்தான் அழித்துப் பார்த்தார். சப்பென்று இருந்தது. சொந்தச் சரக்கைக் கொட்டிக் கவிழ்ப்பதில் யாருக்கு என்ன நட்டம்? அழிந்தால் மனசு பதறுகிற ஒன்று வேண்டும். அப்போது ஓவிய உலகில் பெரிய பெயர் வில்லெம் டி கூனிங். ஒரு விஸ்கி பாட்டிலை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டில் இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே போய்க் கதவைத் தட்டினாராம். மனிதர் இருந்தார். யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. தான் இழக்க விரும்பாத ஒன்றை, அதுவும் லேசில் அழியாத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கரி, பென்சில், கிரேயான், எண்ணெய் வண்ணம் எல்லாம் கலந்து அப்பிய காகிதம். அதை அழிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. உழைப்பே இல்லை என்பது உங்கள் புகார் என்றால், அது இங்கே எடுபடாது.

ஆனால் உங்கள் எரிச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. சட்டத்துக்குள் ஒரு சிறு பெயர்ச்சீட்டு உண்டு. ரவுஷன்பர்க்கின் ஓவிய நண்பர் ஜாஸ்பர் ஜான்ஸ் எழுதிக் கொடுத்தது. ‘அழிக்கப்பட்ட டி கூனிங் சித்திரம்’, அழித்தவர் பெயர், ஆண்டு. அந்தச் சீட்டை மறைத்துவிட்டால் எஞ்சுவது அழுக்குக் காகிதம்தான். பாதிப் படைப்பு சீட்டில் இருக்கிறது. கண்ணில் படும் பொருளைவிட அதன் பின்னால் உள்ள யோசனையே முக்கியம் என்னும் கருத்துக் கலையின் பலமும் அதுதான், பித்தலாட்டத்துக்கு அது திறந்துவிடும் வாசலும் அதுதான். இன்று ஒருவர் அடுத்தவர் சித்திரத்தை அழித்துச் சட்டம் போட்டால் நானும் உங்கள் கட்சி. அதை முதலில் செய்தவருக்கு இருந்த துணிச்சல் இரண்டாமவருக்குத் தேவைப்படாது.

இன்னொன்று. ‘வெறும் காகிதம்’ என்கிறீர்களே, பனங்காட்டைப் பார்த்து வளர்ந்தவர் அப்படிச் சொல்லலாமா? எழுத்தாணியால் கீறிய ஓலை புதிதில் வெறும் ஓலை போலத்தான் இருக்கும். கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்த பிறகே எழுத்து கறுத்து எழும். ஏடு தேடித் தாமிரபரணிக் கரைக்கு வந்த உ.வே.சா. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கீறலைப் படித்தே பாதி ஆயுளைக் கழித்தார். காகிதமும் அப்படித்தான், மையும் கரியும் போன பிறகும் அழுத்திய தடத்தைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். 1998இல் இந்தப் படைப்பை வாங்கிய சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம், 2010இல் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துக் கணினியில் துலக்கிப் பார்த்தது. அழிந்ததாக நினைத்த கோடுகள் மங்கலாக எழுந்து வந்தன. அந்தப் படத்தையும் மகளிடம் காட்டச் சொல்லுங்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தமே. அவ்வளவு பாடுபட்டு அழித்தவரை ஒரு கருவி காட்டிக்கொடுத்துவிட்டது.

அதே காகிதத்தின் பின்புறம் டி கூனிங்கின் வேறொரு சித்திரம் இருக்கிறது. அதில் ரவுஷன்பர்க் கை வைக்கவில்லை. அண்ணாச்சியின் சிலேட்டையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பழைய பாக்கி ஏதாவது அங்கே இருக்கப் போகிறது.