எந்த முகத்தோடு போய் நிற்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். கஜா புயலில் தென்னந்தோப்பு போனதிலிருந்து என் தங்கை வீட்டில் கடன்தான். அவள் மகன் போன வருஷம் விசிட்டில் மலேசியா போனான். போனதும் பெர்மிட் (வேலை அனுமதி) போட்டுத் தருவதாகச் சொன்ன ஏஜென்ட் எங்கள் தெருக்காரர், தூரத்துச் சொந்தம். பெர்மிட் வரவில்லை. பையன் ஒரு சாப்பாட்டுக் கடையில் மறைந்து வேலை செய்கிறான். நாலு மாதமாகச் சம்பளமும் இல்லை. ஏஜென்டிடம் கேட்டால், “தெரிஞ்சுதானே போனான்” என்கிறார். ஊரும் அதைத்தான் சொல்கிறது. எனக்கே அது நியாயமாகப் படுகிறது. சட்டத்தை மீறியவனுக்காக எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பையனுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஏஜென்டுக்கும் கடை முதலாளிக்கும் அவனைவிட நன்றாகவே தெரியும். பிடிபட்டால் உள்ளே போகப்போவது மட்டும் அவன் ஒருத்தன்.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவில் 30 நாள் தங்கலாம். சுற்றுலாவுக்காக வந்த சலுகை இது. ஆள் அனுப்புகிறவர்களுக்கு விசாச் செலவும் மிச்சமாகிவிட்டது.

முறையாகப் போனவர்கள் கதையும் சில நேரம் இங்கேதான் வந்து முடிகிறது. முத்துப்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் பெர்மிட்டோடு ஓர் உணவகத்துக்குப் போனார். முதலாளி ஒரு நோட்டு வைத்திருந்தாராம். டிக்கெட், லெவி, போர்வை, உடைந்த தட்டு என்று மாதாமாதம் கழிவு ஏறிக்கொண்டே போகும். லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் வரி. அதை 2018 முதல் முதலாளிதான் கட்டவேண்டும் என்பது அந்நாட்டு விதி. நோட்டில் அது இவர் கணக்கில் இருந்தது. அந்தப் பெர்மிட் ஒரே முதலாளியின் பேரில் இருப்பது, வேறு கடைக்குப் போனால் செல்லாது. அதை முதலாளி புதுப்பிக்காமலே விட்டார். பாஸ்போர்ட் கல்லா மேசைக்குள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது அங்கேயும் குற்றம்தான். ஆனால் சம்பளம் கேட்ட அன்று, “இமிகிரேஷனுக்குப் போன் போடட்டுமா?” என்ற ஒரு கேள்வியிலேயே இவர் வாயடைத்துப்போனார். காகிதம் இல்லாத ஆள் முதலாளிக்கு லாபம். அதனால்தான் பல இடங்களில் அது இல்லாமலே போகிறது.

உங்கள் தெரு ஏஜென்ட் விஷயமும் புதிதல்ல. அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணியும் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பியதில் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் கிடைத்தது. சாதிசனத்துக்குள் யார் போய்ச் சட்டையைப் பிடிப்பது என்ற தயக்கம்தான் அவருக்குப் பாதுகாப்பு. மலாயாவுக்கு ஆள் திரட்டி அனுப்புவதை அன்றைய இந்திய அரசு 1938இல்தான் தடைசெய்தது.

ஊர் செய்யக்கூடியது, பணம் புரளும் இடத்தில் இருக்கிறது. ஒருவன் வெளிநாடு கிளம்பும் சேதி அண்டை வீட்டுக்குத் தெரியுமுன் மகளிர் குழுவுக்கும் நகைக்கடன் கவுண்டருக்கும் தெரிந்துவிடும். அங்கேயே கேட்கலாமே. ஏஜென்ட் பதிவு பெற்றவரா? மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா? பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக்கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு ரசீதும் தரவேண்டும். லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்கும் ஏஜென்டிடம் கட்டுவதற்குக் குழு கடன் தராது என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும். போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம், வெறுங்கையோடு திரும்பியவனை டீக்கடையில் கிண்டலடிப்பதையாவது நிறுத்தலாம். அதற்குப் பயந்துதானே போனில் எல்லோரும் “நல்லா இருக்கேன்” என்கிறார்கள்.

எந்த முகத்தோடு என்று கேட்டிருந்தீர்கள். மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தெனாகனித்தா என்று ஓர் அமைப்பு உண்டு. அதை 1991இல் தொடங்கிய இரீன் பெர்னாண்டஸ் மலேசியக் குடிமகள். வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தடுப்பு முகாம்களில் நடத்திய விதம் பற்றி 1995இல் அறிக்கை வெளியிட்டார். அதற்காகவே அவர்மேல் வழக்கு. 2003இல் ஓராண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் 2008இல்தான் விடுதலை. யார் வீட்டுப் பிள்ளைகளுக்காகவோ அவர் அத்தனை வருஷம் கோர்ட் படியேறினார். நீங்கள் தாய்மாமன்.

இனி செய்யவேண்டியது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு நகல் அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களின் புகார்களுக்கான மத்திய அரசின் ‘மதத்’ இணையதளத்திலும் பதியுங்கள். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில், சிக்கியவர்களுக்கு உதவ 2009 முதல் ஒரு நலநிதி இருக்கிறது. பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் நாடு திரும்ப அவர்கள் அவசரச் சான்று தரமுடியும். அபராதம் கட்டி வழக்கில்லாமல் திரும்ப மலேசிய அரசே அவ்வப்போது வழிவிடுகிறது; 2024 மார்ச்சில் அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. இப்போது என்ன நிலை என்று தூதரகத்திலேயே கேளுங்கள். அதை முடித்துத் தருகிறேன் என்று அதே ஏஜென்ட் இன்னொரு தொகை கேட்பார், கொடுத்துவிடாதீர்கள்.

பையனிடமிருந்து பாஸ்போர்ட் முதல் பக்கம், முத்திரை விழுந்த பக்கம், கடையின் பெயர்ப்பலகை மூன்றையும் போட்டோவாக இன்றே வாட்ஸ்அப்பில் வாங்கிவையுங்கள். ஏஜென்ட் அனுப்பிய குரல்பதிவு எதையும் தங்கை அழித்துவிட வேண்டாம். அவரைப் பார்க்கப் போகும்போது ஊரில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.