காசு வாங்காவிட்டாலும் டெபியன் ஏன் சேர்ப்பதில்லை?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சி மென்பொருள் ஒன்றை எழுதி, மூல நிரலோடு இலவசமாகவே கொடுக்கிறேன். 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று உரிமத்தில் ஒரே ஒரு வரி வைத்திருக்கிறேன். அதனால் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதன்மைத் தொகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: உண்மைதான். அந்த ஒரு வரிதான் சிக்கல். தமிழில் 'இலவசம்' (காசில்லாதது) வேறு, 'கட்டற்றது' (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால் அங்கேதான் குழப்பம் அதிகம். டெபியன் கேட்பது இரண்டாவதை.

1997 ஜூலையில் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், எது கட்டற்றது என்பதற்குப் பத்து விதிகள் உண்டு. வரைவு அப்போதைய டெபியன் திட்டத் தலைவர் புரூஸ் பெரன்ஸ் எழுதியது. 'ஓப்பன் சோர்ஸ்' வரையறையும் மறு ஆண்டு இதிலிருந்துதான் பிறந்தது. மூல நிரல் கிடைக்க வேண்டும், மாற்றி வெளியிட அனுமதி வேண்டும் என்பவற்றில் உங்களுக்குப் பிரச்சினை இருக்காது. இடிப்பது 6ஆம் விதி: இன்ன துறையில் பயன்படுத்தாதே என்று உரிமம் தடுக்கக் கூடாது, தொழிலும் அதில் அடக்கம்.

கறாராகத் தோன்றலாம். ஆனால் மாதக் கட்டணம் வாங்கி வீட்டில் டியூஷன் எடுக்கும் ஓர் அக்கா உங்கள் மென்பொருளை ஓட்டினால் அது வணிகமா, இல்லையா? டெபியனை டிவிடியில் பதிந்து விற்பவர்? ஒவ்வொருவரும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்துக்கான மென்பொருளின் உரிமத்தில் 'நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது' என்று ஒரு வரி உண்டு. அதையே டெபியன் ஏற்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சரி, அதற்குப் பதில் 'திருத்தினால் எனக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும்' என்று போடலாமா? அதுவும் வேண்டாம். பத்து விதிகளில் இல்லாவிட்டாலும், உரிமங்களைச் சோதிக்க டெபியன்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு: இணையமே இல்லாத தீவில் மாட்டிக்கொண்டவர் பக்கத்தில் இருப்பவருக்கு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தால் உரிமத்தை மீறியவர் ஆகிவிடுவாரா? ஆவார் என்றால் அந்த உரிமம் தேறாது.

யாரோ ஒரு நிறுவனம் உங்கள் உழைப்பை எடுத்துப் பூட்டி வைத்துவிடும் என்பதுதான் பயம் என்றால் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறுங்கள். விற்பதை அது தடுக்காது. ஆனால் மாற்றி விநியோகிப்பவர் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். நிரலில் வேறு யாராவது பங்களித்திருந்தால் அவர்கள் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வரியை விடவே மனமில்லையா? 'நான்-ஃப்ரீ' என்ற பிரிவு இருக்கிறது. டெபியன் சர்வர்களிலேயே கிடைக்கும்; ஆனால் டெபியனின் பகுதியாக அதைக் கருதுவதில்லை.

அப்புறம், பயிற்சிப் பக்கங்களில் உள்ள படங்களையும் ஒலிகளையும் பாருங்கள். விதிகள் அவற்றுக்கும் பொருந்தும். கிரியேட்டிவ் காமன்ஸ் (படைப்புகளைப் பகிர அனுமதிக்கும் பொது உரிமங்கள்) படம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதிலும் வணிகத் தடை உள்ள வகை உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.