பனிப்புயல் விட்ட மறுநாளே மலை ஏறலாமா?

தங்கச்சிமடத்துலருந்து ஒரு தம்பி கேட்ருக்காரு: "அண்ணே, நாங்க நாலு பேரு ஜனவரி கடைசில மணாலி பக்கம் பனியில ட்ரெக்கிங் போறோம், ரெண்டு நாள் பனிப்புயல்னு காட்டுது, விட்டதும் மறுநாள் வெயில் வந்தா ஏறிரலாம்ல?"

ஏறாதீங்க தம்பி. நம்ம பக்கம் புயல் கூண்ட இறக்கி மீன்பிடி டோக்கன் குடுத்துட்டா படக எடுத்துருவோம், அந்தப் பழக்கம் அங்க ஆகாது. பனி கொட்டும்போதும் நின்ன அடுத்த 24 மணி நேரத்துலயும்தான் பனிச்சரிவு அதிகம், ஆனா அந்தப் பளிச்சுன்னு வெளுத்த காலையிலதான் எல்லாருக்கும் கால் பரபரக்கும். ஒரு முழு நாளாச்சும் விடுங்க, நெறைய கொட்டியிருந்தா ரெண்டு மூணு நாளு.

தனுஷ்கோடி மணல்மேட்டுல ஏறிப் பாத்துருப்பீங்க, காத்து அடிக்கிற பக்கம் மணல் இறுகிக் கெடக்கும், மறுபக்கம் கால வச்சா பொலபொலன்னு சரியும், ஏன்னா காத்து அள்ளிட்டு வந்தத எல்லாம் அங்கதான் கொட்டுது. பனியும் முகட்டத் தாண்டி அப்பிடித்தான் குமியும், ஆனா மணல் மாதிரி உதிராம பலகையா இறுகிரும், அதுக்கு அடியில பழைய பனி சீனி மாதிரி ஒட்டாம கெடந்துச்சுன்னா நீங்க நடுவுல மிதிச்ச உடனே பலகை மொத்தமா பேந்து வரும். மாட்டிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க அவங்களோ கூட வந்தவங்களோ மிதிச்சதுலதான் மாட்டுறாங்க.

மலைச்சரிவு 30லருந்து 45 டிகிரின்னா உஷார், போன்லயே அளக்கலாம். காலுக்கடியில 'தொம்'முனு சத்தம் வந்தாலோ, பனியில கோடு விட்டு ஓடுனாலோ பேசாம வந்த வழிய திரும்பிருங்க. சரிவுக்கு நேர் கீழ டென்ட்டும் வேணாம், 2025 பிப்ரவரி 28ல உத்தராகண்ட் மாணாவுல ரோடு வேலைக்காரங்க 54 பேரு கேம்ப்புல இருக்கும்போதே பனி மூடி 8 பேரு செத்துப்போனாங்க.

டி.ஜி.ஆர்.இ.ன்னு ராணுவ ஆராய்ச்சி அமைப்பு பனிச்சரிவு எச்சரிக்கை விடுது, தினம் பாருங்க. பாம்பன்ல 3ம் நம்பர் கூண்டுன்னா டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம், இங்க 11 வரைக்கும் இருக்கு, அங்க பனிச்சரிவு ஆபத்துக்கு மொத்தமே 5 படிதான், 3லயே ஆளு மிதிச்சா சரியும்.

புதைஞ்சவர 10, 15 நிமிசத்துல தோண்டி எடுத்தா பொழைக்க நல்ல வாய்ப்பு, அரை மணி தாண்டிட்டா மூணுல ஒருத்தர் தேறுறதே கஷ்டம். அதுக்குள்ள வெளியிலருந்து யாரும் வரமாட்டாங்க, கூட இருக்கிற மூணு பேருதான் தோண்டணும். அதனால ஆளுக்கொரு பீக்கன் (புதைஞ்ச எடத்தக் காட்டிக்குடுக்க சிக்னல் விடுற கருவி), குத்திப் பாக்குற நீளக் கம்பி, மண்வெட்டி, மூணும் வேணும், சரிவக் கடக்கும்போது ஒவ்வொருத்தரா போங்க.

ரிட்டர்ன் டிக்கெட்ட இப்பவே ரெண்டு நாள் தள்ளிப் போட்ருங்க, டிக்கெட் போயிரும்னுதான் பாதிப் பேரு அவசரப்படுறது. கைடுகிட்ட பீக்கன் இருக்கான்னு கேளுங்க, "அதெல்லாம் எதுக்கு சார்"னாருன்னா வேற கைடு பாருங்க.