முள் 100 காட்டுகிறது, கார் ஓடுவதோ 88: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்பீடோமீட்டரை எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி: 1995-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 1.8 லிட்டர் என்ஜின், 5 கியர். ஸ்பீடோமீட்டரை கைபேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால், முள் 60 காட்டும்போது உண்மையான வேகம் 52, 80-க்கு 70, 100-க்கு 88. முன்பு வைத்திருந்தவர் 15 அங்குல வீல் மாட்டியிருக்கிறார்; டயர் 195/45 ஆர்15. டயலும் வெள்ளை நிறத்தில் இருக்கிறது, கம்பெனியில் வந்தது போலத் தெரியவில்லை. மெக்கானிக் மீட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். மீட்டரில் கை வைப்பது கடைசி வேலை. நீங்கள் கொடுத்த மூன்று ஜோடி எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

உண்மையான வேகம் 18 கி.மீ. கூடும்போது முள் 20 கி.மீ. நகர்கிறது. அதாவது முள் சுமார் 11 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. அதற்கு மேல் எல்லா வேகத்திலும் மாறாமல் 2 கி.மீ. கூடுதலாக நிற்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். விழுக்காட்டுக் கணக்கில் வரும் பிழை பெரும்பாலும் டயரிலோ பல்சக்கரங்களிலோ இருக்கும். வேகம் எதுவானாலும் ஒரே அளவு தள்ளி நிற்கும் பிழை, முள்ளைத் தப்பான இடத்தில் குத்தியதால் வருவது. முள் நடுங்கினாலோ திடீரென்று துள்ளினாலோ கியர்பாக்ஸின் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுவரும் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். அது உங்களுக்கு இல்லை என்றே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். ஐரோப்பா உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை 39-இன்படி, மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், ஆனால் உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. சேர்த்த அளவைத் தாண்டக்கூடாது. 88-க்கு இந்த வரம்பு 100.8. ஆக உங்கள் மீட்டர் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறது. எந்தப் புதுக் காரிலும் முள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஆகவே முள்ளும் ஜிபிஎஸ்ஸும் அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 100-க்கு 95, 96 வந்தால் போதும்.

முதலில் டயர். இந்த மாடல் பரவலாக வந்த அளவு 185/60 ஆர்14. உங்கள் கார் எந்த அளவோடு வந்தது என்பதை ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையில் உறுதி செய்துகொள்ளுங்கள். விட்டம் கணக்கிடுவது எளிது: அகலத்தை (முதல் எண்) விழுக்காட்டால் (இரண்டாவது எண்) பெருக்கி, இரட்டித்து, ரிம்மின் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டினால் மில்லிமீட்டரில் வரும். பழைய அளவு 577.6 மி.மீ., இப்போது மாட்டியிருப்பது 556.5 மி.மீ. சின்ன டயர் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டருக்குத் தெரிவது சுற்று மட்டுமே. இதனால் மட்டும் 3.8 விழுக்காடு கூடுதல். அதோடு டயர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இன்னும் கூடும்: 8 மி.மீ. ஆழத்திலிருந்து 1.6 மி.மீ. வரை தேயும்போது விட்டம் 12.8 மி.மீ. குறைகிறது, அது ஏறத்தாழ 2 விழுக்காடு. காற்றழுத்தம் கொஞ்சம் முன்பின் இருப்பதால் ரேடியல் டயரில் பெரிய வித்தியாசம் வராது.

டயர் 3.8 என்றால் 11-இல் மீதி எங்கே? இங்கேதான் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் உதவும். உங்கள் காரில் கேபிள்தான் மீட்டரை ஓட்டுகிறது. அந்த ஒரே கேபிள் ஒரு பக்கம் பல்சக்கரங்கள் வழியாக ஓடோமீட்டரை நேரடியாகச் சுற்றுகிறது. இன்னொரு பக்கம் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் சுழலும்போது அதை மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணம் திரும்பப் பார்க்கிறது. மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைப் பிடித்து இழுக்கிறது. முள் நிற்பது இந்த இழுபறி சமமாகும் இடத்தில். ஸ்பிரிங் தளர்ந்தால் முள் கூட்டிக் காட்டும், காந்தம் வலுவிழந்தால் குறைத்துக் காட்டும். ஓடோமீட்டருக்கு இந்த இரண்டு நோயும் கிடையாது. அதனால் முள்ளும் ஓடோமீட்டரும் சேர்ந்து தப்பினால் குற்றம் கீழே, டயரிலோ பல்சக்கரத்திலோ. முள் மட்டும் தப்பினால் குற்றம் மீட்டருக்குள்.

ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, தூரத்தைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் செயலியோடு 20 கி.மீ. ஓட்டுங்கள். சுரங்கப்பாதை, உயரக் கட்டடங்கள் இல்லாத வழியாக இருக்கட்டும். டிரிப் 20.8 அளவில் காட்டினால் டயரின் பங்கு மட்டுமே வெளியே இருக்கிறது, மீதி மீட்டருக்குள். 21.8 அளவில் வந்தால் டயரோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. 0.2 முன்பின் வந்தால் பொருட்படுத்த வேண்டாம், ஓடோமீட்டரும் அவ்வளவு துல்லியமானதல்ல.

அந்த வேறொன்று டிஃபரன்ஷியலாக, அதாவது பின் வீல்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியாக, இருக்க நிறைய வாய்ப்பு. இந்த 1.8 கார் பெரும்பாலும் 4.1 விகித டிஃபரன்ஷியலோடு வந்தது (வீல் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றும்). பிக்கப் வேண்டும் என்று 4.3 மாற்றுவது இந்த வண்டிக்காரர்களிடையே சகஜம். கேபிள் கியர்பாக்ஸின் வெளியேறும் ஷாஃப்டிலிருந்து புறப்படுகிறது, அதாவது டிஃபரன்ஷியலுக்கு முன்னால். ஆகவே பின்னால் என்ன மாற்றினாலும் மீட்டருக்குத் தெரியாது, 4.3 போட்டால் 4.9 விழுக்காடு கூட்டிக் காட்டும். டயரின் 3.8-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 8.9. பிறகு மிஞ்சும் 2 விழுக்காடு, கம்பெனியே வேண்டுமென்று வைப்பதற்குள் அடங்கிவிடும். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதாலேயே நம்பிவிடாதீர்கள், கையால் சுற்றிப் பாருங்கள்.

முன் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலை. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, இரண்டு பின் வீல்களிலும் ஒவ்வொரு கோடு. இரண்டு பேர் இரு வீல்களையும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், சரியாகப் பத்துச் சுற்று சுற்ற, மூன்றாமவர் ஷாஃப்டை எண்ண வேண்டும். 41 சுற்று வந்தால் 4.1, 43 வந்தால் 4.3. ஒரு வீலை மட்டும் சுற்றினால் டிஃபரன்ஷியலின் தன்மையைப் பொறுத்துக் கணக்கு குழம்பிவிடும்.

தூக்க வசதி இல்லையென்றால் சாலையிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். நாலாவது கியர் இந்தப் பெட்டியில் 1:1. சமதளத்தில் 3000 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்தால், உங்கள் இப்போதைய டயருக்கு 4.1 டிஃபரன்ஷியலில் ஜிபிஎஸ் 74, 75 காட்டும், 4.3 என்றால் 71. ஆனால் என்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் 100 ஆர்பிஎம் தப்பினாலே இரண்டரை கி.மீ. மாறிவிடும் என்பதால் இதைக் கொண்டு தீர்ப்பு எழுத வேண்டாம். எண்களைக் குறிக்கும்போது முள்ளை ஓட்டுநர் படிக்கட்டும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஜிபிஎஸ்ஸை மட்டும் படிக்கட்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் முள் வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றும். வேகத்தைப் பத்து விநாடியாவது மாற்றாமல் பிடியுங்கள், ஜிபிஎஸ் சற்றுத் தாமதமாகவே சொல்லும்.

சரிசெய்வதில் முதலிடம் டயருக்கு. அதே ரிம்முக்கு 195/50 ஆர்15 போட்டால் விட்டம் 576 மி.மீ., பழைய அளவுக்கு 0.3 விழுக்காடுதான் வித்தியாசம். இது மட்டுமே 100-க்கு 88 என்பதை 91 ஆக்கிவிடும். டிஃபரன்ஷியல் 4.3 என்று உறுதியானால், அதைக் கழற்ற வேண்டாம். கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிள் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் போதும். பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும். 20 பல் உள்ள சக்கரத்தில் ஒரு பல் கூடுவது 5 விழுக்காட்டுக்குச் சமம். இதே தலைமுறையில் 1.6 லிட்டர் கார் 4.3 டிஃபரன்ஷியலோடு வந்ததால், அதன் சக்கரத்தைத் தேடலாம். இருப்பதைக் கழற்றிப் பல்லை எண்ணிய பிறகே வாங்குங்கள். கழற்றும்போது ஓ-ரிங்கையும் சிறு ஆயில் சீலையும் புதிதாகப் போடுங்கள். சீல் போனால் கியர் ஆயில் கேபிளைப் பிடித்து மேலே ஏறி மீட்டருக்குள் போகும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே எண்ணெய் புகுந்தால் முள் கண்டபடி ஏறும்.

கேபிளைத் தொட்டதோடு தொட்டதாக, உள் கம்பியை உருவி, துடைத்து, மேசை மேல் உருட்டிப் பாருங்கள். எங்காவது துள்ளினால் அங்கே வளைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் மெல்லிய கிரீஸைக் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் தடவுங்கள். மீட்டர் பக்கம் கடைசி 15 செ.மீ. காய்ந்தே இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் அந்த 2 கி.மீ. வெள்ளை டயலின் கைங்கரியம். டயலை மாற்ற முள்ளைப் பிடுங்கியாக வேண்டும். திருப்பிக் குத்தும்போது பூஜ்யத்தில் இருக்கும் ஆணியில் சாய்த்துக் குத்திவிடுகிறார்கள். அந்த ஆணி முள்ளின் இயல்பான ஓய்விடம் அல்ல, அதைத் தாங்கி நிறுத்தும் தடை. ஸ்பிரிங்கின் இழுப்பு அங்கே முன்பே இருக்கும். முறையான வழி, கேபிள் முனையைத் தெரிந்த வேகத்தில் சுற்றியபடி முள்ளை அந்த எண்ணில் குத்துவது. ஜப்பானிய மீட்டர்களில் 60 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 637 சுற்று. ஸ்பிரிங் தலைமுடி போல இருக்கும், முள்ளை நெம்பினால் போயிற்று. 2 கி.மீ. கூடுதலாகக் காட்டுவது யாருக்கும் கேடில்லை, நானாக இருந்தால் விட்டுவிடுவேன். செய்தே தீர வேண்டுமென்றால் மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மீட்டர்கள் அடங்கிய கிளஸ்டரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கக்கூடும்.

இதே தலைமுறையில் 1.6 காரை வைத்திருப்பவர்கள் எதிர்ப்பக்கத்தைக் கவனிக்க வேண்டும். அதில் 4.1 டிஃபரன்ஷியலை ஏற்றினால் மீட்டர் 4.7 விழுக்காடு குறைத்துக் காட்டும். மேலே பெரிய டயரும் சேர்ந்தால், நிதானமாகப் போவதாக நினைத்துக்கொண்டே வேக வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். இரண்டாம் தலைமுறையிலிருந்து கேபிள் கிடையாது, சென்சார்தான். அங்கே பல்சக்கரத்தோடு போராடாமல், துடிப்பு எண்ணிக்கையைத் திருத்தும் சிறு மின்னணுப் பெட்டியை சென்சார் வயரில் இணைத்துச் சரிசெய்யலாம்.

வேலை முடிந்த நாளில் ஓடோமீட்டர் எண்ணைப் பராமரிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். 8.9 விழுக்காடு கூட்டி ஓடியிருந்தால், அது காட்டிய 30,000 கி.மீ.யில் கார் உண்மையில் ஓடியது சுமார் 27,500 தான். டைமிங் பெல்ட் கணக்கிலும், பிற்பாடு விற்கும்போதும் அது உங்களுக்குச் சாதகம்.